சுவரின் நிறங்களை எண்ணுவது யார்?

இந்த ஆண்டு ஏப்ரல் 14க்காகச் சிங்காரப்பேட்டையில் நாங்கள் சிலர் உட்கார்ந்து ஒரு சுவரொட்டி தயாரித்தோம். பல வண்ணத்தில் அச்சடிக்கப் பணம் இல்லை. இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று என்று முடிவானது. எந்த மூன்று? ‘நம் காலனி முகப்புச் சுவரிலேயே எல்லா நிறமும் இருக்கிறதே, அதிலிருந்து எடுப்போம்’ என்றார் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை. நல்ல யோசனை. சுவரைப் படமெடுத்து, நிறங்களைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு கைபேசிச் செயலியில் போட்டார்.

அந்தச் சுவரில் நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக அண்ணல் நிற்கிறார். அவரைச் சுற்றி மஞ்சள் எழுத்து. ஓரத்தில் ஏதோ ஒரு தேர்தலில் எழுதிய கறுப்பு, சிவப்பு வரிகள் பாதி உரிந்து கிடக்கின்றன. அதற்கும் கீழே ‘ஓசூர் கம்பெனிக்கு ஆள் தேவை’ என்று யாரோ பச்சையில் எழுதியிருக்கிறார்கள். செயலி ஐந்து நிறங்களைத் தந்தது: சிமெண்ட் சாம்பல், பாசிக் கரும்பச்சை, அழுக்கு வெள்ளை, செம்மண் தூசி, வெளிறிய மஞ்சள். நீலம் இல்லை. சிவப்பும் இல்லை.

எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்தோம். செயலி பொய் சொல்லவில்லை. அது படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பார்க்கிறது, ஒத்த நிறங்களைக் குவியல் குவியலாகச் சேர்க்கிறது, எந்தக் குவியல் பெரிதோ அதை முதலில் சொல்கிறது. அண்ணலின் கோட்டு அந்தப் படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணிக்கையில் தோற்றுப்போனது. ‘நீங்கள் எத்தனை பேர்?’ என்று கேட்டே நம்மை ஓரத்தில் நிறுத்தும் கணக்கு நமக்குப் புதிதல்ல.

ஒரு சுவரிலிருந்து மூன்று நிறத்தை எடுப்பது வெறும் வடிவமைப்பு வேலை இல்லை, வரலாற்று வேலை என்று அன்று புரிந்தது. நம் சுவர்களின் நிறங்கள் எங்கிருந்து வந்தன, ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன, அவற்றை யார் அழிக்கப் பார்க்கிறார்கள் என்பதை எழுதி வைப்போம் என்று தோன்றியது.

பாறையில் ஒரே நிறம்

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் தெருவோவியத்துக்குப் புதியது இல்லை. பர்கூர் பக்கம் மல்லபாடியில் பாறையில் தீட்டிய குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். மல்லசந்திரத்தில் கற்திட்டைகளுக்குள் ஓவியங்கள் இருக்கின்றன. மயிலாடும்பாறையை இரும்பின் காலக்கணக்குக்காக 2022இல் நாடே பேசியது. அங்கும் பாறை ஓவியங்கள் உண்டு. இந்த வட்டாரத்தின் பாறை ஓவியங்களில் பெரும்பாலானவை ஒரே நிறத்தில், வெள்ளையில் தீட்டப்பட்டவை. காவிச் சிவப்பு சில இடங்களில் தென்படும்.

ஒரே நிறம் என்பதால் அவற்றில் எதுவும் குறையவில்லை. மனிதன் தெரிகிறான், குதிரை தெரிகிறது, கையில் ஆயுதம் தெரிகிறது. கையில் கிடைத்த வெள்ளை மண், பின்னால் கறுத்த பாறை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடுதான் ஓவியம். குறைந்த நிறத்தில் அதிகம் சொல்வதற்கு முதல் பாடம் நம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும், மழைக்கு நிற்க வேண்டும், பொருள் கையில் கிடைக்க வேண்டும். இந்த மூன்று விதியும் அன்று இருந்தன, நேற்று காலனிச் சுவரில் எழுதியவருக்கும் இருந்தன.

சுண்ணாம்பு தின்னாத நிறங்கள்

சிமெண்டும் எனாமல் பெயிண்டும் பரவுவதற்கு முன்பு நம் ஊர்களில் சுவர் என்றால் மண்ணும் சுண்ணாம்பும்தான். சுண்ணாம்பு ஒரு முரட்டுப் பொருள். அதன் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும். பிரஷ்ய நீலம் என்ற சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்தால் நிறம் கெட்டுப்போகும். செடியிலிருந்து எடுக்கும் பல வண்ணங்கள் வெயிலில் வெளிறிவிடும்.

தாக்குப்பிடித்தவை சிலதான். சுண்ணாம்பின் வெள்ளை. இரும்புத் துரு கலந்த மண்ணான காவி, அதன் தம்பியான மஞ்சள் மண். அடுப்புக்கரி, விளக்குக்கரி தரும் கறுப்பு. கடைசியாக வந்து சேர்ந்தது சலவை நீலம்.

இந்த நீலத்துக்குத் தனி வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இந்த ஆழ்ந்த நீலத்தை ஆப்கானிஸ்தானில் கிடைத்த ஒரு கல்லை அரைத்துத்தான் எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்களுக்கு அது பொன்னுக்கு நிகரான விலை. 1820களில் பிரான்சில் இதைச் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். விலை விழுந்தது. துணியை வெளுப்பாகக் காட்டும் நீலமாக அது வீடு வீடாகப் போனது. சலவைத் தொழிலாளியின் தொட்டிக்குள் போனது. பிற்பாடு வந்த சொட்டு நீலத்தை நம் எல்லோருக்கும் தெரியும். பழைய நீலப்பொடிக்கு ஒரு குணம், சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. வெள்ளையடிக்கும் வாளியில் ஒரு பிடி நீலத்தைப் போட்டால் சுவர் நீலமாகும், அது நிற்கும்.

இந்தப் பொருள்களெல்லாம் யார் கையில் இருந்தன என்று பாருங்கள். சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவர்கள், மட்டையைப் பிடித்து வெள்ளையடித்தவர்கள், அடுத்தவர் துணியை வெளுத்தவர்கள், மண் சுமந்தவர்கள். பொடி வண்ணம் சுவரில் ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்சிக் கலப்பார்கள். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற பசை. எந்தத் தொழிலைக் காட்டி நம்மைத் தீண்டத்தகாதவர் என்றார்களோ, அந்தத் தொழிலின் பசைதான் ஊர்ச் சுவர்களில் எழுத்தை நிறுத்தியது.

கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிப்பார்கள். அந்தப் பட்டைக்கான மண்ணையும் சுண்ணாம்பையும் சுமந்தவருக்கு அந்த மதிலைத் தாண்டி உள்ளே போக அனுமதி இல்லை. ‘நமக்கு நிறம் தெரியாது, ரசனை கிடையாது, அதனால்தான் இரண்டு மூன்று நிறத்தோடு நிற்கிறோம்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் கைகள் எல்லா நிறத்தையும் தொட்டவை. நம் சுவர்தான் நமக்கு இல்லாமல் இருந்தது.

நீலம் வந்த வழி

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய மாநாட்டில் அகில இந்தியப் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பை அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ். இவர் பிறகு சென்னை மேயராகவும் இருந்தார். கூட்டமைப்பின் கொடி நீலம். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது நீலம் அதற்கும் தொடர்ந்தது. 1984 ஏப்ரல் 14 அன்று கான்ஷிராம் தொடங்கிய பகுஜன் சமாஜ் கட்சியும் அதே நீலத்தை எடுத்துக்கொண்டது.

நம் பகுதிக்கு நீலம் வந்த வழிகளில் ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோலார் தங்கவயல். அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட தமிழகத்திலிருந்து போன தலித் மக்கள். கூட்டமைப்பும், பிறகு குடியரசுக் கட்சியும் அங்கே வேர்விட்டன. 1954இல் அண்ணலே அங்கு வந்தார். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதற்குள் அந்த மக்களின் உறவுகள் வழியாகக் கொடியும் படமும் பத்திரிகையும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. இன்று ஓசூருக்கும் பெங்களூருக்கும் பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போகிற நம் தம்பிமார்கள், அன்று தங்கவயலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மாதிரித்தான்.

சிலைகள் இன்னொரு வழி. நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் திறக்கப்பட்ட அம்பேத்கர் சிலை வெண்கலம். அதற்கு வண்ணம் தேவைப்படவில்லை. நம் கிராமங்களில் வெண்கலத்துக்குக் காசு ஏது? சிமெண்டில் செய்தோம். சிமெண்ட் சாம்பல் நிறம், ஆகவே வண்ணம் பூசியாக வேண்டும். நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, கையில் அரசியல் சட்டம். வெண்கலம் வாங்க முடியாத மக்கள்தான் அண்ணலுக்கு நிறம் கொடுத்தார்கள். அந்த நிறத்தை இன்று உலகம் முழுக்க அடையாளம் காண்கிறது.

தமிழ்நாட்டில் 1980களில் மதுரையில் அ. மலைச்சாமி தலைமையில் இயங்கிய தலித் பேந்தர் இயக்கம், அவர் மறைவுக்குப் பின் 1990இல் தொல். திருமாவளவன் தலைமைக்கு வந்தது. மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் ஐந்து முனை வெள்ளை நட்சத்திரம் என்ற கொடி எழுந்தது. மூன்றே நிறம். இதே காலத்தில், 1989இல் தொடங்கிய பாட்டாளி மக்கள் கட்சியின் கொடியில் நீலம், மஞ்சள், சிவப்பு. வட தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும்: நீலமும் சிவப்பும் இரண்டிலும் உண்டு. நடுவில் வெள்ளை நட்சத்திரமா, மஞ்சள் பட்டையா என்பதை வைத்துத்தான் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று பேருந்தில் போகிறவருக்குத் தெரிகிறது. நிறம் தனியாக நின்று பேசாது, பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பேசும்.

திராவிடர் கழகத்தின் கறுப்புக்குள் சிவப்பு வட்டமும் அப்படித்தான். இழிவின் இருளைக் கறுப்பாகவும் அதை நீக்கும் முயற்சியைச் சிவப்பாகவும் காட்டிய இரண்டே நிறம். கரித்தூளும் காவியும் இருந்தால் எந்தக் கிராமத்திலும் வரைந்துவிடலாம். தமிழ்நாட்டு அரசியல், சுவரில் எழுதி வளர்ந்த அரசியல். அதனால் அதன் கொடிகளும் சுவரில் எழுதக்கூடியவையாகவே அமைந்தன.

சுவர் யாருடையது?

நிறம் இருந்தால் போதுமா? சுவர் வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஊர்த் தெருவின் சுவரில் கட்சிகள் ஆண்டு போட்டு இடம்பிடிக்கும். சேரிக்காரர் ஊர்ச் சுவரில் ஒரு வரி எழுதினால் அது ‘பதற்றம்’ ஆகிவிடும்.

கொடிக்கும் இதே கதைதான். 2021 செப்டம்பரில் சேலம் மாவட்டம் மோரூரில் விடுதலைச் சிறுத்தைகள் கொடியேற்றுவது தகராறாகி, காவல்துறை தடியடி நடத்தும் அளவுக்குப் போனது. மற்றக் கட்சிகளின் கொடிகள் பறக்கும் ஊரில் ஒரு நீலம்-சிவப்புக் கம்பத்துக்கு மட்டும் இத்தனை தடை என்றால், அங்கே எதிர்க்கப்படுவது துணி இல்லை என்பது குழந்தைக்கும் புரியும்.

சுவரே நம்மைப் பிரிக்க எழுந்ததும் உண்டு. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்றுதான் இடிக்க முடிந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் உயரமான ஒரு மதில் தலித் குடியிருப்பின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட சுவர்களில் எந்த ஓவியத்தை வரைந்தாலும் அழகாகாது. சுவரின் நிறத்தைப் பேசும்போது சுவரையும் பேச வேண்டும்.

நிறத்தை மாற்றும் கைகள்

2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் பதாயூனில் உடைக்கப்பட்ட ஓர் அம்பேத்கர் சிலைக்குப் பதிலாகப் புதுச் சிலை வந்தது. கோட்டு இல்லை, ஷெர்வானி. நிறம் காவி. எதிர்ப்பு எழுந்தது, சில நாட்களிலேயே அதன் மேல் நீலம் பூசப்பட்டது. 2022 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளில், கும்பகோணத்தில் ஓர் இந்து அமைப்பு ஒட்டிய சுவரொட்டியில் அவருக்குக் காவிச் சட்டையும் நெற்றியில் திருநீறும் இருந்தன. 1956இல் லட்சக்கணக்கானோரோடு இந்து மதத்தை விட்டு வெளியேறியவரை, ஒரு டப்பா வண்ணத்தைக் கொண்டு திரும்ப உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். ஒரு வரியும் எழுதவில்லை. நிறத்தை மட்டும் மாற்றினார்கள். நிறம் அலங்காரம் மட்டுமே என்று இன்னும் நினைக்கும் தோழர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைக்கட்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே நிறப் பட்டியல் வேறு வேலை செய்கிறது. மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருவது பல ஆண்டுகளாக வெளியில் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது.

இங்கே ஒரு கேள்வி வரும், வரட்டும்: ‘அவர்கள் கயிறு கட்டினால் சாதி, நீங்கள் நீலம் பூசினால் விடுதலையா?’ பதில் இதுதான். கயிறு, பிறப்பை வைத்து யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கிறது. நீலம், அரசியல் சட்டத்தைக் கையில் பிடித்த ஒருவரின் பின்னால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறது. நம்மில் எவராவது நீலத்தை ஒரு சாதியின் கயிறாகச் சுருக்கினால், அன்று அந்தக் கேள்வி நம் மேலும் நியாயமாகப் பாயும். இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

பல வண்ணம் பூசினால் போதுமா?

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். குடியிருப்போரில் கணிசமானோர் தலித்துகள். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காத நிலை. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் அரசோடு சேர்ந்து அங்கே மாடி உயரத்துக்கு ஓவியங்கள் தீட்டின. சிரிக்கும் முகங்கள், கொட்டிக் கிடக்கும் வண்ணங்கள்.

அந்த ஓவியர்களின் உழைப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு பெயர் ஓவியத்துக்காகவும் பேசப்பட்டதில் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கவே செய்யும். ஆனால் இவ்வளவு நிறங்களுக்கு நடுவில் நாம் தேட வேண்டிய ஒன்று உண்டு. இந்த மக்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்பதற்கு எந்த நிறம்? வெளியேற்றத்துக்கு எந்த நிறம்? பல வண்ணம் சில நேரம் பேச்சைப் பெருக்கும், சில நேரம் மூடிவிடும்.

பீகாரின் மிதிலைப் பகுதி இதற்கு வேறொரு விடை தருகிறது. அங்கே வீட்டுச் சுவர்களில் பெண்கள் வரைந்த ஓவியங்கள், 1966-67 பஞ்சத்தின்போது வருமானத்துக்காகக் காகிதத்துக்கு மாறின. முதலில் பெயர் பெற்றவர்கள் பிராமண, காயஸ்த சாதிப் பெண்கள். பளபளக்கும் வண்ணம் நிரப்பும் பாணி பிராமணப் பெண்களுடையது என்று அறியப்பட்டது. துசாத் சாதியின் தலித் பெண்கள், சானோ தேவி போன்றவர்கள், வேறொன்றை எடுத்தார்கள். தங்கள் உடலில் குத்திக்கொண்ட பச்சையின் கோடுகளை, கறுப்பை முதன்மையாக வைத்துக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜமுனா தேவி காகிதத்தில் சாணக் கரைசலைப் பூசி அதன்மேல் வரைந்தார். தெய்வக் கதைகளை வரையும் உரிமை தமக்கே என்றவர்களுக்கு எதிரே, இவர்கள் தங்கள் வீரன் ராஜா சல்ஹேஸின் கதையை வரைந்தார்கள். குறைந்த நிறம் இவர்களுக்குச் சொந்தக் குரல் ஆனது.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம். 2020 ஜூனில் வாஷிங்டன் நகரத் தெருவில் ‘கறுப்பர் உயிர்களும் உயிர்களே’ என்ற பொருளில் மூன்று சொற்களைச் சாலையை அடைத்து எழுதினார்கள். ஒரே நிறம், சாலைக்கோடு போடும் மஞ்சள். விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் தெரிந்தது. 2025 மார்ச்சில் அரசியல் நெருக்கடியில் அதைப் பெயர்த்தெடுத்தார்கள். ஒரே நிறத்தில் எழுதியதை அழிக்க இயந்திரங்கள் தேவைப்பட்டன.

எடுக்கும் முறை

ஆக, சுவரிலிருந்து நிறம் எடுக்கும் தோழர்களுக்கு நாங்கள் பிழைபட்டுக் கற்றதைச் சொல்கிறோம்.

முதலில் சுவர் முன்னால் நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரம் மறைந்து, எது முதலில் முன்னால் வருகிறதோ அதைக் குறியுங்கள். செயலி பரப்பை எண்ணும், கண் முக்கியத்தை எண்ணும். பிறகு படத்தை முழுதாகப் போடாமல், மனிதக் கை வரைந்த பகுதியை மட்டும் வெட்டிச் செயலியில் போடுங்கள். அப்போது நீலமும் சிவப்பும் தானாக வரும்.

நிறம் வெளிறியிருந்தால், வெயில் படாத மடிப்பிலும் ஓடு நிழலிலும் பாருங்கள். முதலில் பூசிய நிறம் அங்கே பிழைத்திருக்கும். உரிந்த இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் ஏறியது என்பதுதான் அந்தத் தெருவின் அரசியல் வரலாறு.

அடுத்து, அந்தச் சுவரில் எழுதியவரைத் தேடிப் போங்கள். பெரும்பாலும் பக்கத்துத் தெருவில்தான் இருப்பார். பிளக்ஸ் வந்தபின் மட்டையையும் தூரிகையையும் வைத்துவிட்டு, பெங்களூரில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வருவார். எந்த நீலத்தை எதில் கலந்தார், யார் தடுத்தார்கள், எந்த இரவில் எழுதினார் என்று கேளுங்கள். அதை எழுதி வையுங்கள். இந்த வரலாறு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

கடைசியாக மூன்று நிறத்துக்கு இறங்குங்கள். பின்னணிக்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று, அழைப்பதற்கு ஒன்று. மூன்றாவது மிகக் குறைவாக, ஒரு டையின் அளவுக்கு இருந்தால் போதும்.

எங்கள் சுவரொட்டி நீலம், சிவப்பு, காகிதத்தின் வெள்ளை என்று முடிந்தது. இரண்டு மை, மூன்று நிறம். காசும் மிச்சம். ஒட்டும்போது அந்தத் தங்கை கேட்டார்: ‘செயலி சொன்ன சாம்பல் நிறம் எங்கே போச்சு?’ இன்னொரு தோழர் சுவரைக் காட்டினார். சாம்பல் அங்கேயே இருக்கிறது, அதன்மேல்தான் ஒட்டுகிறோம்.

ஜெய்பீம்.